கோவன்ட் கார்டனில் ஓர் இரவு

1833ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் இரவு, இலண்டனின் கோவன்ட் கார்டன் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ மேடையேறியது. அதற்கு இரு வாரங்களுக்கு முன்னர்தான், மார்ச் 25ஆம் நாள், அதே மேடையில் அதே வேடமேற்றிருந்த பெருநடிகர் எட்மண்ட் கீன், இயாகோவாக நடித்த தம் மகன் சார்லசின் கைகளில் தளர்ந்து சரிந்தார். அவர் மீண்டும் நடிக்கவே இல்லை. மே மாதத்தில் காலமானார். அவருடைய இடத்தில் நடிக்க அரங்க மேலாளர் லாப்போர்ட் அழைத்து வந்தவர் ஐரா ஆல்ட்ரிட்ஜ், 25 வயது கறுப்பின இளைஞர்.

ஒத்தெல்லோ வெனிஸ் நகரின் படைத்தலைவன், கருநிறத்தவன். வெள்ளையரான டெஸ்டிமோனாவை மணந்து, இயாகோவின் சூழ்ச்சியால் ஐயுற்று, அவளைத் தன் கையாலேயே கொல்பவன். அதுவரை இங்கிலாந்தின் பெரிய அரங்குகளில் வெள்ளை நடிகர்களே முகத்தில் மை பூசிக்கொண்டு அவ்வேடத்தை ஏற்று வந்தனர். வகுப்பறையில் இக்கதையைச் சொல்லும் நாமும் பெரும்பாலும் ‘பொறாமை’ என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறோம். நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆல்ட்ரிட்ஜ் 1807இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஆப்பிரிக்க இலவசப் பள்ளியில் பயின்றார். கறுப்பின நடிகருக்கு அங்கே எதிர்காலம் இல்லை என்றுணர்ந்து 1824இல் கடல் கடந்தார். மறு ஆண்டு இலண்டனில் ஓர் அரங்கில் அவர் நடித்தபோது, அவருடைய உதடுகளின் அமைப்பினால் ஆங்கிலத்தைச் சரிவர ஒலிக்க இயலாது என்று ‘தி டைம்ஸ்’ எழுதியது. ஆசிரியர்களாகிய நாம் இவ்வரியைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆங்கிலம் அவருடைய தாய்மொழி!

அதன்பின் எட்டு ஆண்டுகள் ஊர் ஊராக நடித்துத் தேர்ந்த பின்னரே அவர் கோவன்ட் கார்டனுக்கு வந்தார். அன்றிரவு அவையோர் கைதட்டி வரவேற்றனர். ஏடுகளில் சில பாராட்டின. வேறு சில சீறின. டெஸ்டிமோனாவாக நடித்த எலன் ட்ரீ என்னும் நடிகையை ஒரு கறுப்பர் மேடையில் தொடுவது பண்புக்கு இழுக்கு என்று ‘அதீனியம்’ இதழ் கண்டித்தது. 12ஆம் நாள் இரண்டாம் முறை நடித்தார். அத்துடன் அவ்வரங்கின் கதவு அவருக்கு மூடிக்கொண்டது.

அந்த ஆண்டின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே நகரில், அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. (அடிமைகள் விடுதலையான பின்னர் சர்க்கரைத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்ட வரலாறு, தோட்டத்து மரபில் வந்த நமக்குப் புதியதன்று.) அடிமைகளுக்காக இரங்கிய நகரம்தான், ஆனால், கறுப்பினத்தவர் ஒருவர் தன் உயர்ந்த மேடையில் தலைமை நடிகராக நிற்பதை அதன் ஏடுகள் பலவற்றால் பொறுக்க முடியவில்லை. சட்டம் அடிமையின் உரிமையாளருக்கு இழப்பீடாக இரண்டு கோடி பவுண்டு ஒதுக்கியது. அடிமைக்கு ஒரு காசும் இல்லை.

ஆல்ட்ரிட்ஜ் சோர்ந்துவிடவில்லை. 1852 முதல் ஐரோப்பிய நாடுகளில் நடித்தார். பிரஷ்யாவிலும் ரஷ்யாவிலும் அவருக்குக் கிடைத்த சிறப்பு இலண்டன் தராதது. அவர் ஆங்கிலத்தில் பேச, உடன் நடித்தவர்கள் தத்தம் மொழியில் மறுமொழி கூறிய மேடைகளும் உண்டு. 1867 ஆகஸ்டு 7ஆம் நாள், பயணத்தின் நடுவே போலந்தின் வூட்ஜ் நகரில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய மகள் அமாண்டா இசையும் பேச்சுப் பயிற்சியும் கற்பிக்கும் ஆசிரியையானார். 1930இல் இலண்டன் மேடையில் ஒத்தெல்லோவாக நடித்த கறுப்பினக் கலைஞர் பால் ராப்சன், அவரிடம் பயின்றவர்.