மூலன்சார் மாளிகை

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு, ‘தாந்தான்’ சித்திரக்கதைகளில் வரும் மூலன்சார் மாளிகை பழகிய வீடு மாதிரி. அப்படியொரு மாளிகை உண்மையில் கிடையாது. பிரான்சின் லுவார் பகுதியிலுள்ள ஷெவெர்னி மாளிகையைப் பார்த்து, அதன் இரு ஓரக் கட்டடங்களையும் விட்டுவிட்டு வரைந்தார் பெல்ஜிய ஓவியர் எர்ழே. சார்மூலன் என்ற பெல்ஜிய ஊரின் பெயரை மாற்றிப் போட்டு மாளிகைக்கு வைத்தார்.

1943. பெல்ஜியம் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலம். அப்போது பத்திரிகையில் தொடராக வந்த கதையில், கேப்டன் ஹாடக் முன்னோரின் புதையலைக் கடலுக்கடியில் தேடுகிறார். கிடைக்கவில்லை. ஊர் திரும்பினால், குடும்பத்தை விட்டுப் போன பூர்வீக மாளிகை விலைக்கு வருகிறது. அவர் கையில் அவ்வளவு பணமில்லை. நண்பரான விஞ்ஞானி, தன் நீர்மூழ்கிக் கண்டுபிடிப்பை விற்ற பணத்தில் வாங்கித் தருகிறார். புதையலோ அந்த வீட்டு நிலவறையிலேயே இருந்தது!

கல்லைக் கட்டிக்கொண்டு முத்துக் குளித்த ஊர் நம் தூத்துக்குடி. அந்த முத்துக்குளிப்பும் 1961-உடன் நின்றது. எங்கள் தாத்தா வீட்டை விற்ற பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். கடலில் தேடியது வீட்டிலேயே கிடைக்கும் அந்தப் பக்கத்தை இப்போதெல்லாம் வேகமாகப் புரட்டிவிடுகிறேன்.