கிப்லா மேற்கா? பிள்ளைகளுக்கு வரைபடம் சொல்லிக்கொடுப்போம்

மக்தபில் சிறுபிள்ளைகளிடம் "கிப்லா எந்தப் பக்கம்?" என்று கேட்டால் ஒரே குரலில் "மேற்கு" என்பார்கள். நாமும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வந்தோம். சில வருடங்களுக்கு முன் நம்மிடம் ஓதிய ஒரு சிறுமி, வாப்பாவின் வேலை காரணமாகக் குடும்பத்தோடு ஜித்தா சென்றாள். போன அன்று மாலை, சூரியன் இறங்கும் பக்கம் பார்த்து முஸல்லாவை விரித்து, கடலை நோக்கி அஸர் தொழ நின்றுவிட்டாள். மக்கா இருப்பதோ ஜித்தாவுக்குக் கிழக்கே. வாப்பா திருப்பி நிறுத்தியபோது, "ஹஸ்ரத் மேற்குன்னுதானே சொன்னாங்க" என்று அழுதாளாம். பிள்ளை சொன்ன பாடத்தைச் சரியாகத்தான் படித்திருந்தாள். பாடம்தான் பிழை.

அல்பகரா அத்தியாயத்தின் 144ஆம் வசனம் நம்மைத் திரும்பச் சொல்வது மஸ்ஜிதுல் ஹராமின் பக்கம். நம் ஊர்களிலிருந்து அது ஏறத்தாழ மேற்கில் இருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் நேர் மேற்கு அல்ல. சென்னையில் கிப்லா, மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 டிகிரி சாய்ந்திருக்கிறது. நாகூரில் சுமார் 21, காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 24. தெற்கே போகப் போகச் சாய்வு கூடுகிறது.

சூரியன் மறையும் இடம்தான் மேற்கு என்று பிள்ளைக்குச் சொல்லி வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டித்தான் சூரியன் நேர் மேற்கில் மறைகிறது. ஜூன் கடைசியில் நம் பகுதியில் அது சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி மறைகிறது. அந்த நாட்களில் காயல்பட்டினத்துக் கடற்கரையில் மறையும் சூரியனைப் பார்த்து நின்றால் கிட்டத்தட்ட கிப்லாவைத்தான் பார்க்கிறோம். டிசம்பர் கடைசியிலோ அதே அளவு தெற்கே தள்ளிப் போய்விடுகிறது. அப்போது சூரியனை நம்பி மஃரிப் தொழுபவர் கிப்லாவை விட்டு 40 டிகிரிக்கும் மேல் விலகி நிற்பார். அரையாண்டு விடுமுறையில் சுற்றுலா போகும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே பிள்ளைக்குத் திசையின் பெயரோடு இடத்தையும் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு வரைபடம் தெரிய வேண்டும்.

ஆறேழு வயதில் வீட்டிலிருந்தே தொடங்கலாம். கூரையிலிருந்து பார்த்தால் வீடு எப்படித் தெரியும் என்று ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள்: வாசல், அடுப்படி, கட்டில், முஸல்லா விரிக்கும் இடம். முதலில் கட்டிலை நான்கு கால்களோடு பக்கவாட்டில்தான் வரைவார்கள், சிரிக்க வேண்டாம். பிறகு வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்குப் போகும் வழியைக் காலடி எண்ணி, பத்து காலடிக்கு ஒரு கட்டம் என்று வரையட்டும். அளவுகோல் என்பது இதுதான் என்று அதன்பின் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். தாளின் மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி கட்டாயம் இருக்கட்டும்.

வடக்கு எப்போதும் மேலே இருக்க வேண்டும் என்பது வெறும் வழக்கம்தான். 1154ல் சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அல்இத்ரீஸி வரைந்து முடித்த உலக வரைபடத்தில் தெற்குதான் மேலே இருக்கிறது. அந்தப் படத்தை இணையத்தில் எடுத்துப் பிள்ளைகளிடம் காட்டினோம். தலைகீழாகத் திருப்பி அரபு நாட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மக்தபே அமளியாகிவிட்டது.

ஒன்பது, பத்து வயதில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தொடங்கலாம். பாடநூல்களில் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்றும் வரும். இலங்கைப் பிள்ளைகள் அகலாங்கு, நெட்டாங்கு என்று படிப்பார்கள். பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எவ்வளவு என்பதை முதலாவது சொல்லும். இங்கிலாந்தின் கிரீன்விச் வழியே போகும் கோட்டிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே எவ்வளவு என்பதை இரண்டாவது சொல்லும். கிரீன்விச்சைத் தொடக்கமாக வைப்பது 1884ல் வாஷிங்டனில் பல நாடுகள் கூடி எடுத்த முடிவு.

செல்போனில் கூகுள் மேப்ஸைத் திறந்து கஅபாவின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் 21.42, 39.83 என்று இரண்டு எண்கள் வரும். முதல் எண் அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. வரிசை மாறினால் என்ன ஆகும் என்று பிள்ளையே தட்டிப் பார்க்கட்டும். 39.83, 21.42 என்று போட்டால் கிரீஸ் நாட்டு மலைப்பகுதிக்குப் போய்விடும். சென்னையின் 13.08, 80.27ஐ மாற்றிப் போட்டால் வடதுருவத்துக்குப் பக்கத்துக் கடல். இந்த விளையாட்டுக்குப் பின் நம் பிள்ளைகள் யாரும் வரிசையை மறந்ததில்லை. தன் வீட்டின் இரண்டு எண்களையும் பிள்ளை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அவசரத்தில் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லவும் அது உதவும்.

அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது தரையில் சுமார் 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் ஒரு டிகிரிக்கு நேரத்தில் 4 நிமிடம். இந்த இரண்டாவது கணக்குதான் நம் பிள்ளைகளுக்கு இனிக்கும். சென்னைக்கும் கோவைக்கும் தீர்க்கரேகையில் 3.3 டிகிரி வித்தியாசம். நான்கால் பெருக்கினால் 13 நிமிடம். இரண்டு ஊர்த் தொழுகை அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்து லுஹர் தொடங்கும் நேரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அதே 13 நிமிடம் அங்கே இருக்கும். (இரண்டு அட்டவணையிலும் பேணுதலுக்காகச் சேர்க்கும் நிமிடங்கள் வேறுபட்டால் ஓரிரு நிமிடம் மாறலாம்.) சென்னை அட்டவணையை வைத்துக்கொண்டு கோவையில் நோன்பு திறக்கக் கூடாது என்பதைப் பிள்ளை தானே சொல்லும்.

உலக உருண்டை இருந்தால் நூலை எடுத்து நம் ஊரிலிருந்து மக்கா வரை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நூல் போகும் திசைதான் கிப்லா. தட்டையான படத்தில் கோடு போட்டால் ஏமாந்துவிடுவோம். நியூயார்க்கிலிருந்து மக்கா, சுவர்ப் படத்தில் தென்கிழக்கே தெரியும். உருண்டையில் நூல் வடகிழக்கே கிளம்பும். நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அல்பீரூனி (ரஹ்) ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கண்டறிவது பற்றி ஒரு நூலே எழுதி 1025ல் முடித்தார். கஸ்னா நகரின் கிப்லாவைச் சரியாகக் கணிப்பது அதன் முக்கிய நோக்கம். அந்த மரபில் வந்த நாம் செல்போன் முள் காட்டும் பக்கம் திரும்பிவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறோம். அந்த முள் இரும்புக் கட்டில், ஸ்பீக்கர், காந்தம் வைத்த போன் உறை ஆகியவற்றின் அருகே பொய் சொல்லும்.

பொய் சொல்லாத சாட்சி ஒன்று வருடத்தில் இருமுறை வருகிறது. மே 28 அன்று இந்திய, இலங்கை நேரம் பிற்பகல் 2.48க்கும், ஜூலை 16 அன்று 2.57க்கும் சூரியன் கஅபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும். லீப் வருடங்களில் இவை மே 27, ஜூலை 15. அந்த நிமிடத்தில் மொட்டை மாடியில் ஒரு கம்பைச் செங்குத்தாக நட்டு, நிழலின் நுனியிலிருந்து கம்பின் அடியை நோக்கிக் கோடு போட்டால் அதுவே கிப்லா. மேகம் மறைத்தால் முந்திய நாளோ அடுத்த நாளோ அதே நேரத்தில் பார்க்கலாம், பெரிய வித்தியாசம் வராது. சூரியனை வெறும் கண்ணால் பார்க்க விடாதீர்கள், நிழல் போதும். நாம் சுண்ணாம்பால் கோடு போட்டு, பிள்ளைகள் ஏற்கெனவே நூல் பிடித்துக் கண்ட திசையோடு ஒப்பிட்டோம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்ததைப் பார்த்து ஒரு பையன் தக்பீர் சொல்லிவிட்டான்.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது. கணக்குத் தெரிந்த பிள்ளை பழைய பள்ளிவாசலுக்குப் போய், "ஸஃப் பத்து டிகிரி கோணல்" என்று சத்தம் போடக்கூடும். ஹனஃபி மத்ஹபில் தூரத்தில் இருப்பவர் கஅபாவின் திசையை முன்னோக்கினால் போதும். 45 டிகிரிக்குள் விலகல் இருந்தாலும் தொழுகை கூடும் என்று ஃபுகஹாக்கள் விளக்கியிருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் கஅபாவையே முன்னோக்க வேண்டும் என்பது வலுவான கருத்து என்பதால் அங்கே கவனம் கூடுதலாக வேண்டும். எந்த மஹல்லாவாக இருந்தாலும், பிள்ளை கண்டதை முதலில் வாப்பாவிடம் சொல்லட்டும். வாப்பா இமாமிடமும் நிர்வாகத்திடமும் தனியே பேசட்டும். அடுத்த மே 28 அன்று பிற்பகல் அவர்களையும் அந்தக் கம்பின் நிழலுக்கு அழைத்துக்கொள்ளலாம்.