தருமமும் தருமாவும்

தருமா என்பது ஜப்பானியர் புத்தாண்டையொட்டி வாங்கி வைக்கும் காகிதக்கூழ் பொம்மை. கை கால் இல்லாத சிவப்பு உருண்டை. நடுவில் தாடி மீசையோடு முறைக்கும் முகம். கருமணி இல்லாத வெள்ளைக் கண்கள். அடிப்பகுதி கனமாக இருப்பதால் எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும். தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மை நிமிர்வதும் இதே முறையில்தான்.

பொம்மையின் பெயர் சீனாவில் தியானநெறியைப் பரப்பிய போதிதருமரின் பெயர். 'தர்ம' என்ற வடசொல்லைச் சீனர் இரண்டு எழுத்துகளால் எழுதினர். முதல் எழுத்தின் பழைய ஒலி 'தத்' போன்றது. அதன் ஈற்றிலுள்ள தகர மெய்தான் ரகரத்துக்கு ஈடாக நின்றது. பிற்காலச் சீன மொழியில் அந்த ஈற்று மெய் மறைந்து, பெயர் 'தாமோ' ஆயிற்று. ஜப்பானிய மொழியிலோ ரகர மெய்யை அடுத்து இன்னொரு மெய் வராது. அதனால் இடையில் ஓர் உகரம் புகுந்து, த-ரு-மா என மூன்று அசையாயிற்று. தமிழும் இதையே செய்தது. கர்மம் கருமமாகவும் வர்ணம் வருணமாகவும் ஆனதைப் போலத் தர்மம் தருமமாயிற்று. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே சொல்லை ஒரே வழியில் இளக்கிக்கொண்டன.

போதிதருமரின் பிறப்பிடம் பற்றிச் சீன நூல்கள் ஒன்றுபோலச் சொல்லவில்லை. லுவோயாங் நகரத்து மடங்களைப் பற்றி 547 அளவில் எழுதப்பட்ட நூல் அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. அவருடைய மாணவர் மரபைச் சேர்ந்த தான்லின், தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். 645 அளவில் துறவிகளின் வரலாற்றைத் தொகுத்த தாவோசுவான், தென்னிந்திய அந்தணர் என்று குறித்தார். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்பது பிற்கால நூல்களில் வரும் நாட்டுப்பெயரைக் காஞ்சியோடு பொருத்திக் கொள்வதால் எழுந்த கருத்து. 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படம் இதைத் தமிழகமெங்கும் கொண்டுசேர்த்தது. அவர் போதித்த தியானத்தின் பெயரும் கடல் கடந்து மாறியதே: வடமொழியின் 'த்யான' சீனத்தில் 'சான்' ஆகி, ஜப்பானில் 'ஜென்' ஆயிற்று.

துறவி பொம்மையானதற்குக் காரணம் ஒரு கதை. ஷாவோலின் மடத்தருகே ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்தபடி அவர் அமர்ந்திருந்ததில் கால்கள் சூம்பிப் போயினவாம். சாய்த்தால் நிமிரும் பொம்மை, தருமா உருவாகும் முன்பே சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்திருந்தது. காலில்லாத துறவியின் உருவம் அதில் எளிதாகப் பொருந்தியது. சிவப்பு நிறம் துறவியின் மேலாடையைக் குறிப்பது. பெரியம்மையை விரட்டும் நிறம் என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்துகொண்டது. அம்மை கண்ட வீட்டு வாசலில் இங்கே வேப்பிலை செருகியதைப் போல, அங்கே பிள்ளைகளின் படுக்கையருகே சிவப்புத் தருமாவை வைத்தனர்.

இன்று ஜப்பானிய தருமாக்களில் பெரும்பங்கு குன்மா மாநிலத்துத் தகாசாகி நகரில் உருவாகிறது. அங்குள்ள ஷோரின்சான் தருமா கோயில் 1697இல் நிறுவப்பட்டது. 1783இல் அசாமா எரிமலை வெடித்துப் பஞ்சம் வந்தபோது, கோயில் தலைவர் தோகாகு மர அச்சு செதுக்கி, காகிதத்தில் பொம்மை செய்யும் தொழிலை உழவர்களுக்குக் கற்பித்தார் என்பது கோயில் மரபு. வாங்குபவர் வேண்டுதலை நினைத்து ஒரு கண்ணுக்கு மட்டும் கருமணி தீட்டுவார். நிறைவேறியதும் மறுகண்ணைத் தீட்டுவார். தேர்தலில் வென்ற வேட்பாளர் பெரிய தருமாவுக்குக் கண் எழுதுவது அந்நாட்டுச் செய்திப் படங்களில் வழக்கமான காட்சி. ஆண்டு முடிந்ததும் பழைய பொம்மைகளைக் கோயிலில் சேர்த்து எரித்துவிட்டுப் புதியது வாங்குவார்கள்.

பிறகு பெயர் பொம்மையைவிட்டும் நகர்ந்து, வடிவத்தைக் குறிக்கத் தொடங்கியது. பனியில் உருட்டிச் செய்யும் மனித உருவம் 'யுகி தருமா', அதாவது பனித் தருமா. வயிறு பருத்த இரும்புக் கணப்பு 'தருமா ஸ்டவ்'. அடுக்கிய மரத்துண்டுகளைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டியெடுக்கும் விளையாட்டு 'தருமா ஓதோஷி'.

தமிழில் இச்சொல் ஆளாகவோ பொருளாகவோ மாறாமல் கொடையின் பக்கம் சாய்ந்தது. அறநெறி என்ற பொருள் நூல்களில் நிற்க, பேச்சில் 'தருமம்' பிச்சையும் இலவசமுமாயிற்று. தரும சத்திரம், தரும ஆஸ்பத்திரி, கட்டணமில்லாத வரிசைக்குத் தர்ம தரிசனம், கூட்டமே சேர்ந்து கொடுக்கும் தர்ம அடி எல்லாம் இவ்வழி வந்தவை. கோயில் நிர்வாகியைத் தருமகர்த்தா என்பதிலும் அறக்கொடைப் பொருளே இருக்கிறது.

பௌத்தத்தோடு ஒட்டிய ஒரு பொருளும் தமிழில் இருந்தது. பழைய நிகண்டுகள் புத்தரின் பெயர்களுள் தருமராசன் என்பதையும் சேர்த்துள்ளன. பௌத்தம் மறைந்தபின் தருமராசன் என்றால் பாண்டவருள் மூத்தவர் என்றே மக்கள் கொண்டனர். தருமராசா கோயில்களுள் சில முன்பு புத்தர் கோயில்களாக இருந்தவை என்பது 'பௌத்தமும் தமிழும்' நூலில் மயிலை சீனி. வேங்கடசாமி முன்வைத்த கருத்து. இவ்வாறு, தமிழில் புத்தரைவிட்டு நீங்கிய பெயர் ஜப்பானில் அவர் நெறியில் வந்த துறவியிடமே நிலைத்தது.