சோறும் சக்கரமும்: மாத்தளை வீதியில் ஓர் உணவு வரலாறு

2022 ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகள் நாடெங்கும் நீண்டு கிடந்தபோது, வீட்டுப் பின்புறங்களில் துருவேறிக் கிடந்த துவிச்சக்கரவண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. பெற்றோல் தட்டுப்பாடு நீங்கியதும் பெரும்பாலானோர் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டனர். ஒரு சாரார் மட்டும் வண்டியைக் கைவிடவில்லை. அவர்கள் மிதிப்பதற்கான காரணம் இப்போது வேறு: உடல் நிறையைக் குறைக்க வேண்டும், சீனி வருத்தம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தகையோர் இருவர் சந்தித்தால் வண்டியைப் பற்றிப் பேசுவதிலும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதே அதிகம். சோற்றை அடியோடு விடு என்கிறார் ஒருவர். மாச்சத்தை ஒதுக்கிவிட்டு முட்டை, இறைச்சி, தேங்காய் என்று கொழுப்பையே உண் என்கிறார் மற்றவர். நாளில் பதினாறு மணித்தியாலம் பட்டினி கிட என்பார் மூன்றாமவர். குரக்கனுக்குத் திரும்பு, நம் முன்னோர் அதைத் தின்றுதான் திடகாத்திரமாக இருந்தார்கள் என்பது நான்காவது கட்சி.

பத்திரிகைகளின் ஞாயிறு இதழ்களும் இதற்கு விலக்கல்ல. ஒரு வாரம் சோறு எதிரி. அடுத்த வாரம் சோறு மருந்து. இரண்டையும் அதே ஆசிரிய பீடம்தான் அச்சுக்கு அனுப்புகிறது என்பதை அந்தத் தொழிலில் காலம் கழித்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்லலாம்.

இந்த விவாதத்தில் பெரும்பாலும் விடுபட்டுப் போவன இரண்டு கேள்விகள். எந்த அரிசி? எந்த உழைப்புக்கு? இவ்விரண்டையும் கேட்பதற்கு மாத்தளையைவிடப் பொருத்தமான மாவட்டம் இலங்கையில் அரிது. வடக்கே தம்புள்ளை, கலேவெல பக்கம் வரண்ட வலயத்துச் சேனைகள். தெற்கிலும் கிழக்கிலும் உக்குவளை, இரத்தோட்டை, எல்கடுவை என மலைத் தோட்டங்கள். நடுவே கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதி. இலங்கை உண்ட உணவின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த வழியால் நடந்து வந்ததுதான்.

குரக்கன் கட்சியிலிருந்தே தொடங்குவோம். கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைக்கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸ், தாம் கண்ட உணவு வகைகளை 1681 இல் வெளிவந்த தமது நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார். அரிசிதான் அங்கு முதன்மையான தானியம். ஆனால் பலருடைய வீட்டில் அது ஆண்டின் பாதிக்கு மேல் தாக்குப்பிடிக்காது. எஞ்சிய மாதங்களைக் குரக்கன் முதலிய சிறுதானியங்களே கடத்தின என்கிறார் அவர். அதாவது குரக்கன், தேர்ந்தெடுத்து உண்ட ஆரோக்கிய உணவன்று. அரிசிப் பானை வெறுமையான பின் வந்த உணவு. சேனை வெட்டி, காடெரித்து, மிருகங்களைக் காவல் காத்து, கல்லில் திரித்து உண்டவர்களின் உடல் மெலிந்திருந்ததற்குக் குரக்கன் மட்டுமே காரணம் என்று சொல்பவர் அந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார். குரக்கனின் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நார்ப்பொருளும் கல்சியமும் மிகுந்த நல்ல தானியம் அது. ஆனால் நாற்காலியில் அமர்ந்து உண்பவருக்கு அது தனியே அற்புதம் எதையும் செய்யாது.

நொக்ஸ் தப்பியோடி ஒல்லாந்தரிடம் சென்று சேர்ந்த இடம் மன்னாருக்குத் தெற்கேயுள்ள அரிப்பு. ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின்னர் அதே கரையில்தான் தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் தோணிகளிலிருந்து இறங்கினர். கோப்பிக் காலத்து வடபாதை அது. மன்னார்க் கரையிலிருந்து காடுகளினூடே தம்புள்ளை, அங்கிருந்து மாத்தளை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர் ஏராளம். தப்பியவர்களுக்கு மலைநாட்டின் வாசல் மாத்தளை. புகையிரதம் மாத்தளைக்கு வந்தது 1880 இல். அதற்குள் இலைத்துரு நோய் கோப்பியை அழிக்கத் தொடங்கிப் பத்தாண்டு கடந்திருந்தது.

தோட்டத்துக்கு வந்தவர்கள் உண்டது அவர்கள் விளைவித்த அரிசியன்று. கடல் கடந்து வந்து, தோட்டக் களஞ்சியத்தில் அளக்கப்பட்டு, பேரேட்டில் பதியப்பட்டு, சம்பளத்தில் கழிக்கப்பட்ட அரிசி. சோறு என்பது இங்கே பசியோடு மட்டுமன்றிக் கடனோடும் பிணைந்தது. அரிசி விலையை உயர்த்தினால் கூலியைக் குறைத்ததாகவே பொருள். 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கூலியை வரையறுத்தபோது, தொழிலாளருக்கு அரிசி வழங்கப்படும் விலையையும் சேர்த்தே வரையறுக்க வேண்டியிருந்தது அதனாலேயே.

இந்த இடத்தில் மலாயாவுக்குச் சற்றுச் சென்று வர வேண்டும். உணவு முறைகளை ஒப்பிட்டு உலகம் நடத்திய ஆரம்பகால ஆய்வுகள் சிலவற்றில் தமிழர் சோறு நேரடியாகச் சம்பந்தப்பட்டிருக்கிறது. நம்மில் பலர் அதை அறிவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் செயலிழந்து மடிந்தனர். அதே நாட்டில், அதே வெயிலில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் அரிது. இருவரும் உண்டது சோறு. வேற்றுமை என்னவெனில், தமிழர் உண்டது நெல்லை அவித்துக் காயவைத்துக் குற்றிய புழுங்கலரிசி. சீனர் உண்டது நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சையரிசி. வில்லியம் பிளெச்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூரின் மனநோய் விடுதியில் இதைச் சோதித்து 1907 இல் முடிவை வெளியிட்டார். நோயாளரை ஏறத்தாழ 120 பேர் வீதம் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளையரிசியும் மறுபிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். வெள்ளையரிசிப் பிரிவில் பலர் நோயுற்று 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவு ஏறக்குறைய முழுமையாகத் தப்பியது. இப்படியொரு சோதனையை மனநோயாளர்மீது நடத்த இன்று எந்த நாட்டிலும் அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஆயினும் முடிவு ஐயத்துக்கு இடமற்றது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து பி1 மணியின் உள்ளே ஊறிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முற்றாகப் போவதில்லை. அந்தக் காரணம் பின்னர்தான் தெளிவாயிற்று. அதற்கு நெடுங்காலம் முன்பே நம் பெண்கள் நெல் அவித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே “சோறு நல்லதா கெட்டதா” என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. 1907 இலேயே அக்கேள்வி பிழையானது என்று தெரிந்துவிட்டது.

இனி உழைப்பு. இதற்குத் துவிச்சக்கரவண்டியே ஆய்வுகூடமாயிற்று. 1888 இல் டன்லொப் காற்றடைத்த சக்கரத்தைக் கொண்டுவந்த பின்னர் உலகெங்கும் இறப்பருக்குத் தேவை பெருகியதும், மாத்தளைத் தோட்டங்களிலும் இறப்பர் நடப்பட்டதும் தனிக்கதை. உடலியல் அறிஞர்களுக்கு இந்த வண்டியின் வசதி வேறொன்று: ஒரே இடத்தில் நிறுத்தி வைத்து மிதிக்கச் செய்தால் மனிதன் செய்யும் வேலையைத் துல்லியமாக அளந்துவிடலாம்.

1939 இல் கொப்பன்ஹேகனில் கிறிஸ்ரென்சன், ஹான்சன் என்னும் இருவர், சிலரைச் சில நாட்களுக்குக் கொழுப்பு மிகுந்த உணவிலும், பின்னர் மாச்சத்து மிகுந்த உணவிலும் வைத்து, களைத்து விழும்வரை மிதிக்கச் செய்தனர். மாச்சத்து உண்டபோது அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் கொழுப்பு உண்டபோது இருந்ததைப் போல இரு மடங்குக்கும் மேல். ஏன் என்பதற்கான விடை 1966 இல் சுவீடனிலிருந்து வந்தது. பேர்க்ஸ்ட்ரோம், ஹல்ற்மன் என்ற இரு ஆய்வாளரும் தம் உடல்களையே சோதனைப் பொருளாக்கினர். ஒரே வண்டியின் இருபுறமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைக்கும்வரை மிதித்தனர். பின் மூன்று நாள் மாச்சத்து உணவு. ஊசியால் தொடைத் தசையின் துணுக்கை எடுத்துப் பார்த்தபோது, மிதித்த காலில் கிளைக்கோஜன் எனப்படும் சேமிப்பு மாச்சத்து ஓய்ந்திருந்த காலில் உள்ளதைப் போல இரு மடங்கு சேர்ந்திருந்தது.

என் பார்வையில் இத்துறையின் மிக அழகான சோதனை இதுதான். ஒரே மனிதன், ஒரே வயிறு, ஒரே சாப்பாடு. உழைத்த கால் அதை வாங்கிச் சேமித்துக்கொண்டது. உழையாத காலுக்கு அந்த அளவு தேவைப்படவில்லை.

கொழுப்புக் கட்சியினர் 1983 இல் ஸ்டீபன் பின்னி வெளியிட்ட ஆய்வைச் சுட்டுவார்கள். பயிற்சி பெற்ற ஐந்து வண்டியோட்டிகளை நான்கு வாரம் மாச்சத்து ஏறக்குறைய இல்லாத உணவில் வைத்தபோதும் அவர்கள் மிதமான வேகத்தில் மிதித்த நேரம் சராசரியில் குறையவில்லை. உண்மைதான். ஆனால் ஐவர் மட்டுமே; அவர்களுக்குள்ளும் சிலர் முன்னேற, சிலர் பின்தங்கினர். அத்துடன் திடீரென வேகமெடுக்கும் ஆற்றல் குறைவதை அந்த ஆய்வே ஒப்புக்கொள்கிறது. தம்புள்ளையை நோக்கிய சமதரையில் மெதுவாகப் போகிறவருக்கு இம்முறை பொருந்தலாம். இரத்தோட்டையிலிருந்து றிவஸ்டன் ஏற்றத்தில் மூச்சு முட்ட மிதிப்பவருக்குச் சங்கடம் அங்கேதான் தொடங்கும்.

நிறை குறைப்பது மட்டுமே நோக்கமென்றால் விடை இன்னும் எளியது. அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2018 இல் வெளியிட்ட ஆய்வில் 609 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் கொழுப்பைக் குறைத்தனர், மறுபிரிவினர் மாச்சத்தைக் குறைத்தனர். ஓராண்டு முடிவில் முன்னவர் சராசரியாக 5.3 கிலோவும் பின்னவர் 6 கிலோவும் இழந்தனர். இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று என்பது ஆய்வாளர் முடிவு. இருதரப்பாருக்கும் சீனியையும் தீட்டிய மாவையும் தவிர்க்கும்படி கூறப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கணக்கையும் சற்றுப் பார்த்துவிடலாம். மிதமான வேகத்தில் ஒரு மணித்தியாலம் மிதித்தால் செலவாவது ஏறத்தாழ 450 கலோரி. அது சுமார் 350 கிராம் சோறு. ஒரு கிலோ உடற்கொழுப்பில் இருப்பதோ ஏறக்குறைய 7,700 கலோரி. வாரத்துக்கு ஐந்து மணித்தியாலம் மிதிப்பவர், மேலதிகமாக எதுவும் உண்ணாவிட்டால், ஒரு வாரத்தில் குறைப்பது கால் கிலோவுக்குச் சற்று அதிகம். “மேலதிகமாக எதுவும் உண்ணாவிட்டால்” என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வழிக்கடையில் நிறுத்தி இரண்டு றோல்சும் சீனி போட்ட பால்தேநீரும் சாப்பிட்டால் மிதித்ததில் பெரும்பகுதி அங்கேயே ஈடாகிவிடும். பழி மட்டும் மதியச் சோற்றின் தலையில் விழும்.

இதே மாவட்டத்தில் இன்னொரு தட்டும் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். பெருந்தோட்டத் துறையில் மட்டும் அது 32 சதவீதம். தலைமுறைகளாகக் களஞ்சிய அரிசியை உண்டவர்களின் தட்டில் பின்னர் கோதுமை மா ரொட்டி பெரிதும் இடம்பிடித்தது. ரொட்டி, சம்பல், சாயத்தேநீர் என்பது வயிற்றை நிரப்பும். பிள்ளையின் எலும்பை வளர்க்கப் போதாது. நீரிழிவு வேறு. 2005-06 காலத்து ஆய்வொன்று இலங்கை வயது வந்தோரில் 10.3 சதவீதத்தினருக்கு அந்நோய் இருப்பதாகக் கண்டது. வளரும் பருவத்தில் போதிய ஊட்டமின்றி இருந்த உடல், பிற்காலத்தில் உழைப்புக் குறைந்து மாவும் சீனியும் மிகும்போது நீரிழிவுக்கு எளிதில் ஆளாகும் என்பது இன்று மருத்துவ உலகம் பரவலாக ஏற்றுள்ள கருத்து.

எனவே நகரத்து வண்டியோட்டிக்குச் சொல்லும் ஆலோசனையை லயத்து வீட்டுக்கு அப்படியே கொண்டுபோவது தவறு மட்டுமன்று, தீங்கும்கூட. முன்னவர் சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, தீட்டிய வெள்ளையரிசிக்குப் பதில் தவிடு நீக்காத சிவப்பரிசியோ புழுங்கலரிசியோ உண்டு, பருப்பையும் கீரையையும் கூட்டி, சீனியை விட்டால் போதும். நீண்ட ஏற்றத்துக்குப் புறப்படும் காலையில் சோற்றையோ பாணையோ ஒதுக்க வேண்டியதில்லை. லயத்துப் பிள்ளைக்கு எதையும் குறைக்கச் சொல்ல இடமில்லை. முட்டை, பருப்பு, பால், நெத்தலி ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். அதற்குக் கையில் பணம் வேண்டும். 2022 இல் அரிசியும் பருப்பும் விலையேறியபோது அந்த வீடுகளில் முதலில் நின்றுபோனவை, சோற்றோடு சேர்த்துத் தின்னும் இந்தப் பொருட்கள்தாம்.