பைல் நாட்டில் தீர்த்துவிடுதலும் வீட்டு விற்பனையும்

கொல்லிமலையில் கணவனும் மனைவியும் பிரியும்போது வீட்டை விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்வது பழைய வழக்கம் இல்லை. விற்கும்படியாக அங்கே பெரிதாக எதுவும் இருந்ததில்லை என்பதே முதல் காரணம். மூங்கில் வரிச்சுக் கட்டி மண் பூசிய சுவர், மேலே புல் வேய்ந்த கூரை. சில ஆண்டுக்கு ஒருமுறை கூரையை மாற்றவேண்டும். மழைக்குச் சுவர் கரைந்தால் மறுபடி எழுப்பவேண்டும். வீடு தேவைப்பட்டவன் உறவினரைத் துணைக்கு அழைத்துத் தானே ஒன்று கட்டிக்கொள்வான். வெளியூரிலிருந்து வந்து அதை விலை பேச ஆள் கிடையாது. வீட்டில் உழைப்பு இருந்தது, அதற்குச் சந்தை இல்லை.

பைல் நாடு இன்றைக்கு நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை ஒன்றியத்தில் ஓர் ஊராட்சி. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என மலையின் மற்ற ஊராட்சிகளின் பெயர்களும் 'நாடு' என்றே முடிகின்றன. ஊராட்சிச் சட்டங்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே நாடு என்பது மலையாளிப் பழங்குடியினரின் சமூக எல்லை. மலையை ஆள்பவர் என்பதால் மலையாளி. கேரளத்து மொழிக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. ஊர்ச் சிக்கலை ஊர்க் கவுண்டர் விசாரிப்பார். அங்கே தீராதது நாட்டுப் பெரியவர்கள் முன்னால் போகும். திருமண முறிவும் இந்த வரிசையில் வரும் சிக்கல்தான்.

முறிவு வழக்கில் பஞ்சாயத்தார் முதலில் கேட்பது பரியக் கணக்கு. மலையாளிகளிடையே மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டாருக்குப் பரியம் கொடுப்பவர்கள். பெண் விலகிப்போனால் பரியமும் கல்யாணச் செலவும் திரும்பவேண்டும். அவளை அடுத்துக் கட்டிக்கொள்பவன் பல சமயம் அந்தத் தொகையைக் கொடுத்துத் தீர்ப்பான். ஆண் தள்ளிவைத்தால் அபராதம் அவன் தலையில் விழும். அறுத்துக் கட்டுவதற்குத் தடை இல்லை; மலையடிவாரத்துப் பல சாதிகளில் கைம்பெண்ணுக்கே மறுமணம் மறுக்கப்பட்ட நாளில், மலைமேல் பிரிந்த பெண் மறுபடி குடும்பம் நடத்தினாள். விலகிப்போகும் சுதந்திரம் இப்படிக் கிடைத்தாலும் வீட்டில் பங்கு கிடைக்கவில்லை. வீடும் காடும் ஆண்வழி உடைமை. பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பாத்திரம் பண்டத்தோடு அவள் வெளியேறுவாள். குழந்தைகள் பெரும்பாலும் தகப்பன் வகையில் நிற்கும். இந்த ஏற்பாட்டை இன்றைய சமத்துவக் கண்ணோடு புகழ முடியாது. ஆனால் ஆணுக்கும் அதில் விற்கும் உரிமை என்று தனியாக எதுவும் இல்லாததால், மனைவியைத் துரத்திவிட்டு வீட்டைக் காசாக்கும் தந்திரமும் இல்லாமல் இருந்தது.

இந்த நிலையை மாற்றியவை பட்டாவும் பாதையும் மரவள்ளியும். காரவள்ளியிலிருந்து செம்மேட்டுக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுச் சாலையில் லாரி வரத் தொடங்கியபின், சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மேட்டுக்காடுகளில் மரவள்ளி பரவியது. சேலம், நாமக்கல் வட்டாரச் சவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டது. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகும், நிழலில் வளர்ந்த காப்பியும் கீழ்நாட்டுப் பணக்காரர்களை மேலே இழுத்தன. உரத்துக்கும் விதைக்கும் முன்பணம், முன்பணத்துக்கு ஈடாக நிலம், பிறகு அடமானம், கடைசியில் கிரயம். புல் வீடு ஓட்டு வீடாகவும் காரை வீடாகவும் மாறிய இடங்களில், நிலத்தோடு சேர்ந்து வீட்டுக்கும் விலை வந்தது.

விலை வந்த காலத்தில் திருமணச் சட்டம் மலைக்கு வரவில்லை. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 2(2) பிரிவும், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவும், மத்திய அரசு தனி அறிவிப்பு வெளியிட்டாலன்றி அவை பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தா என்கின்றன. கொல்லிமலை மலையாளிகள் பட்டியலில் உள்ளவர்கள். ஆகவே சமதளத்துத் தம்பதி திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி இருவர் சம்மதத்தோடு மணமுறிவு மனுப் போட்டு, காத்திருக்கும் மாதங்களில் வீட்டை விற்றுக் கணக்கு முடிப்பதுபோல் இவர்கள் செய்ய முடியாது. திருமணத்தையொட்டி இருவருக்கும் கூட்டாகக் கிடைத்த பொருளைப் பற்றி நீதிமன்றம் ஆணையிட வழிசெய்யும் 27ஆம் பிரிவும் இவர்களுக்கு இல்லை. இருப்பது வழக்காறு ஒன்றே. அதையும் நீதிமன்றத்தில் சும்மா சொன்னால் போதாது, ஆதாரத்தோடு நிறுவவேண்டும் என்று சூரஜ்மணி ஸ்டெல்லா குஜூர் வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பஞ்சாயத்துத் தீர்ப்புகள் வாய்மொழியாகவே நடந்த மலையில் இது லேசான வேலை இல்லை. முத்திரைத் தாளில் தீர்வை எழுதி, பெரியவர்களிடம் கையெழுத்தும் கைரேகையும் வாங்கி வைப்பது இதனால்தான் பயன்படுகிறது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் வந்தார்கள், மூவரும் மூன்று மலைகளில் தங்கினார்கள், அவர்கள் வழியே தாங்கள் என்பது மலையாளிகளின் தோற்றக் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் தொகுதிகளிலும் இக்கதை இடம்பெற்றது. அறப்பளீசுவரரையும் பெருமாளையும் கும்பிடும் மக்கள் தங்களைக் காஞ்சி வேளாளர் வழி என்று சொல்லிக்கொள்வது பெருமைக்காக இருக்கலாம். ஆனால் இந்து முறைகளை முழுக்க ஏற்றுவிட்ட பழங்குடிக் குடும்பத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்று 2000இல் லபிஷ்வர் மாஞ்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னபின், அந்தப் பழங்கதை சொத்து வழக்கில் சாட்சியாகக்கூடிய சரக்காகிவிட்டது.

பிரிவு நடந்துகொண்டிருக்கும்போது கணவன் வீட்டை விற்க முனைந்தால் என்ன ஆகும்? பத்திரப்பதிவில் பார்க்கப்படுவது பட்டாவும் மூல ஆவணமும் வில்லங்கச் சான்றும். பதிவான கிரயமும் அடமானமும் வில்லங்கத்தில் தெரியும். மனைவியோடு உள்ள தகராறு தெரியாது. இந்திய நிலப்பரப்பில் கோவா, டாமன், டையூ நீங்கலாக வேறெங்கும், திருமணத்துக்குப் பின் சேர்ந்த சொத்தில் மனைவிக்குப் பாதி என்ற பொது விதி இல்லை. அங்கே போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சிவில் சட்டம் அதைத் தருகிறது. இங்கிலாந்தில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றமே வீட்டை ஒருவர் பெயருக்கு மாற்றித் தரலாம். 1981 முதல் விற்கச் சொல்லியும் ஆணையிடலாம். கணவனின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர இந்திய நாடாளுமன்றத்தில் வந்த மசோதாவை மாநிலங்களவை 2013இல் நிறைவேற்றியது. மக்களவை கலைந்ததும் 2014இல் அது காலாவதியானது.

ஆகவே கொல்லிமலைப் பெண்ணுக்குக் கையில் எட்டும் கருவி 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். சாதி, மதம், பழங்குடி என்ற வேறுபாடு அதில் இல்லை. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை 17ஆம் பிரிவு தருகிறது. வன்முறை நடந்ததென நீதித்துறை நடுவர் கண்டால், அந்த வீட்டைக் கணவன் விற்காதபடி 19ஆம் பிரிவின்கீழ் தடுக்கலாம். மாமனார் பெயரில் உள்ள வீட்டில் மருமகளுக்கு இந்த உரிமை இல்லை என்று 2006இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2020 அக்டோபரில் அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டது. மலையில் பல வீட்டுப் பட்டாக்கள் தகப்பன் அல்லது பாட்டன் பெயரிலேயே நிற்பதால் இந்த மாற்றத்துக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. ஆனால் இது குடியிருப்பைக் காக்குமே தவிர உடைமையைத் தராது. பிரியாத குடும்ப வீட்டில் கணவன் தன் பங்கை வெளியாளுக்கு விற்று, அந்த ஆள் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி மற்றப் பங்காளிகள் அதை விலைகொடுத்து மீட்கலாம். மனைவி பங்காளி இல்லையாதலால் அந்த வாய்ப்பும் அவளுக்கு வராது.

பிரிந்த பெண் திரும்பிப்போகும் பிறந்த வீட்டிலும் இதே முட்டுக்கட்டை. 1989இல் தமிழ்நாடு மகள்களுக்குச் சமபங்கு தந்தபோதும், 2005இல் நாடு முழுக்க அது வந்தபோதும் 2(2) பிரிவு அசையவில்லை. அந்தச் சட்டங்கள் மலையேறவே இல்லை எனலாம். பழங்குடிப் பெண்களுக்கும் சமபங்கு கிடைக்கச் சட்டத்தைத் திருத்துவது பற்றி எண்ணிப்பார்க்கும்படி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பெண்களுக்கும் சமபங்கு உண்டு என்றது.

பெண்ணின் பெயர் வீட்டு ஆவணத்தில் ஏறியது திருமணச் சட்டத்தால் நடந்த மாற்றம் இல்லை, வீட்டுத் திட்டங்களால் நடந்தது. 1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் வீட்டை மனைவி பெயரிலோ இருவர் பெயரிலோ ஒதுக்கச் சொன்னது. 2016இல் அதன் இடத்துக்கு வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டமும் அப்படியே. இப்படி ஒதுக்கப்பட்ட தொகுப்பு வீட்டில் இருக்கும் கணவன், மனைவி கையெழுத்தில்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் 4(4) பிரிவுப்படி தரப்படும் உரிமை, மணமானவர்களுக்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதியப்படும், பிள்ளைகளுக்குப் போகும், யாருக்கும் விற்க முடியாது. அந்த நிலத்தில் வீடு கட்டியவர்கள் பிரிந்தால் விற்பனை என்ற வழியே அடைபட்டிருக்கும். ஆனால் பிரிந்தபின் இரு பெயரில் எது நிற்கும், எது நீங்கும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. அதைத் தீர்க்கும் இடமாக இன்னமும் ஊர்க் கவுண்டரின் பஞ்சாயத்தே இருக்கிறது.