பிசகிய விரலும் புத்தூர் கட்டும்

காட்டுப்பாக்கத்தில் ஒருவர் பைக்கிலிருந்து சறுக்கி விழுகிறார். கையை ஊன்றியதில் கட்டைவிரல் பிசகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடும் கூட்டத்தில் ஒருவராவது சொல்வார்: ‘ஆஸ்பத்திரிக்குப் போனா கத்தியை எடுத்துடுவாங்க. பேசாம புத்தூருக்குப் போ!’

பூந்தமல்லி, திருவள்ளூர், திருத்தணி, நகரி... அடுத்தது புத்தூர். இன்றைக்கு ஆந்திரா. அந்த ஊர் சென்னை மாகாணத்தில் இருந்தபோது, 1881-ல் கேசவ ராஜு என்பவர் தொடங்கிவைத்த வைத்தியம் இது என்கிறார்கள். வேட்டைக்குப் போனவர், கால் ஒடிந்த முயலை இலைதழைகளால் சுற்றி எடுத்து வந்தாராம். வீட்டில் பிரித்தால், முயல் எழுந்து ஓடிவிட்டதாம்! கதை எப்படியோ... பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி இவைதான் கட்டு.

கத்தியில்லாமல் மூட்டைச் சேர்க்கும் வித்தை இன்னும் பழசு. சுஸ்ருத சம்ஹிதை மூட்டுப் பிசகலை ஆறு வகையாகப் பிரித்து, இழுப்பது, அழுத்துவது, சேர்ப்பது, கட்டுவது என்று வைத்தியமும் சொல்கிறது.

மேல்நாட்டிலும் இதே கதைதான். லிவர்பூலில் ஈவான் தாமஸ் என்ற பரம்பரை எலும்பு வைத்தியர் இருந்தார். டாக்டர் பட்டம் கிடையாது. பிள்ளைகளை மட்டும் டாக்டருக்குப் படிக்கவைத்தார். அவர்களில் ஒருவரான ஹ்யூ ஓவன் தாமஸ் (1834-1891) உருவாக்கிய ‘தாமஸ் ஸ்ப்ளின்ட்’, முதல் உலகப் போரில் தொடையெலும்பு முறிந்த எத்தனையோ சிப்பாய்களின் உயிரைக் காப்பாற்றியது.

அப்படியென்றால் பிசகிய கட்டைவிரலைப் பக்கத்திலிருப்பவர் ‘சடக்’கென்று இழுத்துவிடலாமா? கூடவே கூடாது! அந்த அடிமூட்டில், உள்ளங்கைப் பக்கமாக, தடித்த நார்த் தகடு ஒன்று உண்டு. நேராக வெடுக்கென்று இழுத்தால் அது எலும்புகளுக்கு நடுவே போய்ச் சிக்கிக்கொள்ளலாம். கையாலேயே சரியாகியிருக்க வேண்டியது, ஆபரேஷனில் போய் முடியும்.

டாக்டர்கள் மரத்துப்போக ஊசி போட்டு, மணிக்கட்டை மடக்கி, பின்பக்கமாக ஏறி நிற்கும் எலும்பின் அடியை முன்னே தள்ளி, வழுக்கி உட்காரவைக்கிறார்கள். பிறகு சில வாரம் கட்டு. பெரும்பாலும் அவ்வளவுதான். தகடு ஏற்கெனவே சிக்கியிருந்தால் மட்டும் கத்திதான் வழி. எந்தப் பச்சிலையும் அதை விடுவிக்காது.

யார் கட்டினாலும் சரி, விரல் நுனி நீலம் பாய்ந்தால், மரத்துப்போனால், உடனே கட்டைத் தளர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். ரத்த ஓட்டம் நின்றால் விரலே போய்விடும்.

ராண்ட்ஜன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்தது 1895-ல். அவர் எடுத்த புகழ்பெற்ற படம், மனைவியின் கைதான்! 1881-ல் கேசவ ராஜுவுக்குத் தன் விரல்களின் தொடுஉணர்வு மட்டுமே துணை. நமக்கு அப்படியில்லை. முதலில் படம், கட்டு எங்கே என்பதை அப்புறம் பேசலாம்!