வேலி அவர்களுக்கு, முள் நமக்கு

தஞ்சைச் சீமையில் வேலி என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, வயலைச் சுற்றி அடைக்கிற முள்வேலி. இன்னொன்று நில அளவை. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. இன்றைய கணக்கில் ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. மிராசுதாரின் பெருமையைப் பத்து வேலி, நூறு வேலி என்று எண்ணிச் சொன்னார்கள். அந்த நிலத்துக்கு முள் வெட்டி வேலி அடைத்தவர்களை யாரும் எண்ணவில்லை. காரைக்காலும் 1739 வரை தஞ்சாவூர் மராட்டிய அரசின் கையிலிருந்த மண்தான். பிறகு பிரெஞ்சுக்காரன் வந்தான். 1954 நவம்பர் 1-இல் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். கொடி மாறியது. வரப்போரத்து முள்ளை வெட்டுகிற கை மட்டும் மாறவில்லை.

டெல்டாவின் விவசாய வரலாறு என்று எழுதப்பட்டவற்றில் அணை உண்டு, ஆறு உண்டு, விளைச்சல் உண்டு. வயலின் ஓரம் இல்லை. உழவு, நடவு, அறுப்புக்கு ஏதோ ஒரு கூலிக்கணக்காவது இருந்தது. அண்டை கழிப்பது, வாய்க்கால் கரையில் புதர் வெட்டுவது, படர்ந்த கொடியை அறுத்து எறிவது, வேலி அடைப்பது இதெல்லாம் பண்ணையாள் கணக்கில்லாமல் செய்ய வேண்டியவை. "சும்மாதான நிக்கிற, அந்த ஓரத்தக் கழிச்சிட்டுப் போ" என்ற ஒரு வார்த்தையில் அரை நாள் உழைப்பு போய்விடும்.

இது வழக்கம் மட்டுமல்ல, சட்டமாகவும் இருந்தது. காரைக்காலைச் சுற்றியிருந்த ஆங்கிலேயச் சீமையில் 1858-இல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடையும் ஆபத்து என்றால் சுற்றுவட்டாரத்தில் உடல் தெம்புள்ள உழைக்கும் வகுப்பாரை வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தலாம் என்றது அது. குடிமராமத்து வழக்கப்படி வேலைக்கு வராதவர், அந்த வேலையின் மதிப்பில் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். தண்ணீர் யார் வயலுக்குப் பாய்கிறது என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. 1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது காரைக்கால் இன்னும் பிரெஞ்சு நிலம். எல்லைக்கு அந்தப் பக்கம் வந்த அரைகுறைப் பாதுகாப்புகூட இந்தப் பக்கம் வரவில்லை.

பண்ணையை விட்டுத் தப்ப நம் முன்னோர்களில் பலருக்குக் கிடைத்த வழி கப்பல். 1848-இல் பிரெஞ்சு அரசு தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. 1861-இல் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் போட்டு, காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கூலிகளை ஏற்றினார்கள். நடத்தப்பட்ட கொடுமை தாங்காமல் 1882-இல் ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை ஆங்கிலேய அரசே நிறுத்தியது. வரப்போரத்துப் புதரை விட்டுப் போனவர்கள் அங்கே கரும்புக் காட்டில் களை வெட்டினார்கள்.

அந்தக் காலத்தில்தான் அமெரிக்கக் கண்டத்து முள் ஒன்று இங்கே வந்து இறங்கியது. 1876-இல் பெடோம் என்ற வனத்துறை அதிகாரி விதை கேட்டுச் சென்னை அரசுக்கு எழுதினார். 1877-இல் கடப்பைப் பக்கம் நட்டார்கள். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான பேர் பஞ்சத்தில் மாண்ட வருஷங்கள் அவை. நாம் சீமைக் கருவை என்கிறோம்; சில ஊரில் வேலிக்காத்தான். காமராசர் கொண்டு வந்ததாக ஒரு கதை உண்டு. காமராசர் பிறந்ததே 1903-இல். வேலிக்கும் விறகுக்கும் ஆகும் என்று மேலே இருந்தவர்கள் எடுத்த முடிவு அது. கீழே இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. வாய்க்காலை அடைக்கிற நெய்வேலிக் காட்டாமணக்கும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான்.

இவற்றை ஒழிக்கும் அறிவு வெட்டிப் பழகிய நம் ஆட்களிடம் இருக்கிறது. கருவையைத் தரைக்கு மேலே வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். முளைக்கும் கண் வேரின் தலைப்பகுதியில் இருக்கிறது. மண்ணைப் பறித்து அதற்குக் கீழே வெட்ட வேண்டும். காய் பழுப்பதற்கு முன்னால் வெட்ட வேண்டும். பழுத்த காயை ஆடு மாடு தின்றால் சாணத்தோடு விதை ஊரெல்லாம் முளைக்கும். காட்டாமணக்கை நறுக்கித் தண்ணீரில் விட்டால் ஒவ்வொரு துண்டும் வேர் பிடிக்கும். இயந்திரம் அள்ளும்போது ஒடிந்து விழுகிற துண்டுகள் அடுத்த மதகில் போய் முளைக்கின்றன. கையால் பிடுங்கிக் கரையேற்றிக் காயவிட்டால்தான் சாகும். இந்த அறிவுக்குப் பெயர் கூலிவேலை. இதையே ஒரு அதிகாரி சொன்னால் தொழில்நுட்பம்.

எங்கம்மா கருவை விறகில்தான் எங்களுக்குச் சோறு பொங்கினார். முள் ஏறிய உள்ளங்கால் வாரக்கணக்கில் வீங்கிக் கிடக்கும். ஒரு நாள் தலைச்சுமையை வரப்பிலேயே இறக்கச் சொல்லிப் பிடுங்கிக்கொண்டார் ஒரு நிலக்காரர். "யாரு வேலில யாரு வெட்டுறது?" அவர் சொல்லி வெட்டினால் கடமை. நமக்காக வெட்டினால் திருட்டு.

2016 கடைசியில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவையை அகற்றச் சொன்னது. 2017 ஏப்ரலில் உயர்நீதிமன்றமே அதற்கு இடைக்காலத் தடை போட்டது. நிலத்தடி நீர், சுற்றுச்சூழல் என்று நிறையப் பேசினார்கள். அந்த முள்ளை எரித்து உலை வைக்கிற பெண்கள் அந்தப் பேச்சில் இல்லை. நூறு நாள் வேலைத் திட்டம் 2008 ஏப்ரலில் நாட்டின் எல்லா மாவட்டக் கிராமங்களுக்கும் விரிந்தபோது, வாய்க்கால் கரையில் புதர் வெட்டியதற்குப் பெயர் எழுதிக் கூலி போட்டார்கள். உடனே "வயலுக்கு ஆள் கிடைக்கல" என்ற கூச்சல் கிளம்பியது. அவர்கள் இழந்தது ஆளை அல்ல, சும்மா கிடைத்த உழைப்பை.

வயலோரப் புதர் நமக்கு இன்னொரு வகையிலும் முக்கியம். டெல்டாவில் எத்தனையோ சேரிகளுக்குச் சுடுகாட்டுப் பாதை வரப்புதான். ஐப்பசி கார்த்திகையில் இரண்டு பக்கமும் சம்பா வயல் தண்ணீரில் நிற்கும். நடுவில் ஒற்றையடி வரப்பு, அதன் மேல் கருவை. நான்கு பேர் பாடையோடு அதில் போக முடியாது. முள்ளில் மாட்டாமல் இருக்கப் பிணத்தைச் சாய்த்துப் பிடித்துப் போக வேண்டும். வரப்பைவிட்டு இறங்கினால் பயிரை மிதித்த சண்டை. நிலக்காரருக்கு இந்தப் புதர் களை. நமக்கு அது செத்த பிறகும் விடாத தீண்டாமை.

ஆகவே புதரை வெட்டத்தான் வேண்டும். யாருக்காக, எந்தக் கணக்கில் என்பதே கேள்வி. ஓரம் கழிக்கும் வேலை சாகுபடிச் செலவில் ஏறட்டும். அதற்கு முழுக்கூலி தரட்டும். புறம்போக்குக் கரையில் வெட்டிய விறகு ஏலத்துக்குப் போகாமல் வெட்டிய பெண்களுக்கே சேரட்டும். சுடுகாட்டுப் பாதையை அளந்து, கல் நட்டு, வருவாய்ப் பதிவேட்டில் ஏற்றட்டும். முதல் அரிவாள் அந்தப் பாதையில் விழட்டும். மற்ற வேலிகளை அதற்கப்புறம் பார்க்கலாம்.